கிண்டாதே

இது சமைக்கிற வேலை இல்லை,
அடுக்குகிற வேலை.
அடியில் பன்றிவால் உப்புக்கண்டம்.
ராத்திரியே ஊறப்போட்டு
மூன்று தண்ணீர் மாற்றினாலும்
கடலை விடமாட்டேன் என்கிற வால்.
அதன்மேல் சீமைப்பலா.
அதன்மேல் வாழைக்காய், காரட்,
கையில் உருட்டி விரல் விரலாய் நீட்டிய மாவு.
எல்லாவற்றையும் போர்த்த சேம்பு இலை.
காம்போடு ஒரு பச்சை மிளகாய், உடையாமல்.
பிறகு தேங்காய்ப்பால், மஞ்சள்.
(கிரெனடாவில் மஞ்சளைக் குங்குமப்பூ என்போம்.
பெயரிலாவது பணக்காரர்களாக இருந்துவிட்டுப் போகிறோம்.)

மூடியபின் கரண்டிக்கு வேலை இல்லை.
பால் வற்றி வற்றி
எண்ணெய் தானாய்ப் பிரிந்து
அடிக்கு இறங்கும்வரை
கிண்டாதே.
ஆயில் டவுன் என்று பேர் வைத்ததே அதனால்தான்.

போன ஜூலைக் காற்று
என் கொல்லைச் சீமைப்பலாவை
இடுப்போடு ஒடித்துப் போட்டது.
குவாவ் கடற்கரை முழுக்க அப்படித்தான்.
மலைமேல் ஒரு மரம் மட்டும்
காய்த்துத் தொங்குகிறது என்று
மீன்சந்தையில் சொன்னார்கள்.
யார் வீட்டு மரம் என்று சொல்லவில்லை.
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே
சொல்லாமல் இருந்தார்கள்.

ரெனிக் போய்ப் பதினோரு மாதம்.
படகுத்துறையில் வலையை உதறும்போது
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்.
சர்ச்சில் நான் முதல் பெஞ்சு.
அவள் கடைசி பெஞ்சு, தொப்பியை இறக்கிவிட்டு.
நடுவில் பதினாறு பெஞ்சு,
பத்தொன்பது வருஷம்.

சனிக்கிழமை மூன்று கல் வைத்தேன்.
தெல்பர்ன் நான்கு தேங்காய் கொண்டுவந்தான்.
யூலா வாலும் மாவும்.
ஷெர்வின் வழக்கம்போலப் பசியை.
சீமைப்பலா இல்லாமல் எப்படி என்று
யாரும் கேட்கவில்லை.
விறகு மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அப்போது வந்தாள் இஸ்மே,
தலையில் சாக்கு, பின்னால் பையன்.
மூன்று காய். நல்ல முற்றல்.
காம்பில் இன்னும் பால் கசிந்துகொண்டிருந்தது.
"நிழல் எங்கே?" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
நானும் மா மரத்தைத்தான் காட்டினேன்.

சொந்தக் கத்தி கொண்டுவந்திருந்தாள்.
எட்டாய்ப் பிளந்து, தோல் சீவி,
ஒவ்வொரு துண்டிலும் நடுத்தண்டை
ஒரே இழுப்பில் எடுத்தாள்.
குவாவில் யாரும் அதை எடுப்பதில்லை,
என் வீட்டைத் தவிர.
அது யார் தொண்டையில் அடைக்கும் என்று
எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.
அவன் இல்லாதபோதும்
கை மறக்கவில்லை, அவளுக்கும்.

சீமைப்பலாப் பால் கையில் ஒட்டினால்
சோப்புக்குப் போகாது.
எண்ணெய்ப் பாட்டிலை
அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.
அவ்வளவுதான் செய்தேன்.
யூலா அதைப் பார்த்துவிட்டு
இலையைக் கழுவப் போனாள்,
ஏற்கெனவே கழுவிய இலையை.

மூடி போட்டோம்.
ரம் ஒரு சுற்று வந்தது.
தெல்பர்னுக்கு நாக்கு சும்மா இருக்காது.
"அந்தப் படகை இனி யாரு..." என்று தொடங்கினான்.
"கிண்டாதே" என்றேன்.
"நான் கரண்டியே தொடலையே!"
"கிண்டாதேன்னா கிண்டாதே."
இஸ்மே சிரித்தாள்.
சிரித்துவிட்டுத் திகைத்தாள்,
யார் வீட்டில் சிரித்தோம் என்று.

மூன்று மணிக்குச் சத்தம் மாறியது.
கொதிக்கிற சத்தம் போய்
பொரிகிற சத்தம்.
அதற்குமேல் ஒரு நிமிஷம்கூட
வைக்கக் கூடாது.
நாங்கள் ஐந்து நிமிஷம் வைப்போம்,
அடியில் காந்தலுக்காக.

அந்தக் காந்தல் ரெனிக்கின் பங்கு.
கேட்டு வாங்கமாட்டான்.
எல்லாரும் தின்று முடித்ததும்
இடுப்பில் இடக்கையை ஊன்றி
வலக்கையால் சுரண்டுவான்.

தட்டுகள் காலியாயின.
நான் துண்டால் முகம் துடைத்து நிமிர்ந்தபோது
சட்டிக்குள் குனிந்திருந்தான்
அந்தப் பையன், பதினாலு இருக்கும்.
இடுப்பில் இடக்கை.

இஸ்மே எழுந்துகொள்ளப் பார்த்தாள்.
அவனைக் கூப்பிட வாயெடுத்தாள்.

"மெதுவா சுரண்டு தம்பி" என்றேன்.
"ஓட்டை போட்டா
அடுத்த சனிக்கிழமைக்கு
சட்டி நீதான் வாங்கித் தரணும்."